கர்ப்பகாலம் லேசாகப் போனால் பிரசவமும் லேசாக இருக்குமா?

கேட்கப்பட்டது இதுதான்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மா. மகளுக்குத் தலைப்பிரசவம், 35 வாரம் ஆகிறது. மசக்கை பெரிதாக இல்லை, கால் வீங்கவில்லை, இன்னமும் ஃபேக்டரி வேலைக்குப் போய்வருகிறாள். "இவ்வளவு லேசாகச் சுமந்தவளுக்குப் பிள்ளையும் லேசாக வந்துவிடும், வலி நன்றாக முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்" என்று லயத்தில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை நம்பலாமா?

அம்மா, மகள் நல்லபடியாக இருக்கிறாள் என்பது சந்தோஷமான செய்தி. ஆனால் பெரியவர்கள் சொல்வதில் முதல் பாதிக்கு ஆதாரம் இல்லை. இரண்டாம் பாதி ஆபத்தானது. ஒன்பது மாதம் சுமப்பது ஒரு வேலை, பிள்ளையை வெளியே கொண்டுவருவது வேறு வேலை. முதல் வேலையை உடம்பு சிரமமில்லாமல் செய்ததை வைத்து இரண்டாவது எப்படிப் போகும் என்று கணிக்க முடியாது. மறுபக்கமும் அப்படியே. ஒன்பது மாதமும் வாந்தி எடுத்துத் துவண்ட பெண்ணுக்கு ஆறு மணி நேரத்தில் சுகப்பிரசவம் ஆவதும் சாதாரணமாக நடப்பதுதான்.

ஏன் என்று பார்ப்போம். மசக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற புரதம் தாயின் ரத்தத்தில் ஏறுகிறது. அது மூளையில் குமட்டலைக் கிளப்பும் பகுதியைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே உடம்பில் அந்தப் புரதம் குறைவாக இருந்து பழகியவர்களுக்குத் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கும் 40ஆவது வாரத்தில் கர்ப்பப்பை எவ்வளவு பலமாகச் சுருங்கும், அதன் வாய் எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இடுப்புவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை எல்லாமும் இப்படித்தான். தசைநார் தளர்வது, இரைப்பை மேலே தள்ளப்படுவது, ரத்தத்தின் அளவு கூடுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. இவை பெண்ணைப் பாடாய்ப் படுத்தலாம், படுத்தாமலும் விடலாம். பிரசவ அறையில் இவற்றுக்கு வேலை மிகக் குறைவு.

அடுத்தது, "லேசு" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது. மகளுக்கு லேசாகத் தெரிவது ஒன்று, பிங்க் புத்தகத்தில் (கிளினிக்கில் கொடுக்கும் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) எழுதியிருப்பது இன்னொன்று. பிரசவத்தை உண்மையிலேயே மாற்றக்கூடிய பல கோளாறுகள் எந்தச் சிரமமும் காட்டாதவை. கர்ப்பகால நீரிழிவுக்கு வலி கிடையாது. இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் கிளினிக்கில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் 5.1 mmol/L, குடித்து 2 மணி நேரம் கழித்து 7.8 mmol/L, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் நீரிழிவு என்றுதான் கணக்கு. அது கட்டுப்படாவிட்டால் பிள்ளை பெருக்கும், அதுவும் தோளும் வயிறும் பருத்து. தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ரத்த அழுத்தம் 140/90 ஆன பிறகும் பல பெண்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கியிருந்தும் கர்ப்பம் என்றாலே களைப்புத்தானே என்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் 12 உள்ளவள் சமாளிப்பாள், 8 உள்ளவள் சாய்ந்துவிடுவாள். பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் பிருஷ்டம் கீழே இருக்க உட்கார்ந்திருந்தாலும் தாய்க்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். மாதம் நிறைந்த கர்ப்பங்களில் 100-க்கு 3, 4 பேருக்கு அப்படி இருக்கிறது.

ஆகவே மகளிடம் "எப்படி இருக்கிறது" என்று கேட்பதோடு நிறுத்தாமல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் நிறம் முதல் தகவல். வெள்ளை என்றால் மிஸ்ஸி (தாதி) பார்த்தால் போதும். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்கவேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரின் கண்காணிப்பு. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இந்த நிறம் ஒருமுறை ஒட்டினால் கடைசிவரை அதேதான் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் மாறலாம். 28 வாரத்தில் வெள்ளையாக இருந்தவள் 37 வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறி மஞ்சளுக்கோ சிவப்புக்கோ போவது உண்டு. லேசான கர்ப்பம் என்று சொல்லிக் கடைசி மாதத்துச் செக்கப்பைத் தள்ளிப்போடும் வீடுகளில்தான் இது கண்ணில் படாமல் போகிறது. ரத்த அழுத்தத்தின் குணமே கடைசி வாரங்களில் வருவதுதான். வெள்ளை நிறமும்கூட இன்றைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. பிரசவம் எளிதாகும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

சரி, பிரசவத்தின் கடினத்தை எது தீர்மானிக்கிறது? எல்லாவற்றையும்விடப் பெரியது, இதற்கு முன் யோனி வழியாகப் பிள்ளை பெற்றிருக்கிறாளா என்பது. ஒருமுறை பெற்றவளுக்கு அடுத்தது பெரும்பாலும் வேகமாகவும் எளிதாகவும் ஆகும். தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் முதலில் மெலிந்து, பிறகு திறக்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். இடுப்புத் தசைகளும் ஏற்கெனவே ஒருமுறை விரிந்தவை. உங்கள் மகளுக்கு இது தலைச்சன். எத்தனை லேசாகச் சுமந்திருந்தாலும் இந்த ஒரு காரணத்தாலேயே நேரம் பிடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்தது பிள்ளையின் தலை எப்படி வருகிறது என்பது. இதைப் பற்றி வீடுகளில் பேசுவதே இல்லை. பிரசவ அறையில் பாதிக் கதை இதுதான். பிள்ளை தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முகம் தாயின் முதுகைப் பார்த்தபடி இறங்கினால் வழியில் நுழையும் தலையின் குறுக்களவு சுமார் 9.5 செ.மீ. அதே பிள்ளை முகத்தைத் தாயின் வயிற்றுப் பக்கம் வைத்து, தாடையைச் சற்றே நிமிர்த்தி வந்தால் நுழையும் அளவு 11 முதல் 11.5 செ.மீ. ஆகிறது. அதே இடுப்பு, அதே பிள்ளை, ஆனால் ஒன்றரை, இரண்டு செ.மீ. வித்தியாசம். வலி முழுக்க முதுகிலும் இடுப்பிலுமாக இருக்கும், வாய் திறப்பது நத்தை வேகத்தில் நடக்கும், முக்கும் நேரம் நீளும். வலி தொடங்கும்போது 100-க்கு 15, 20 பிள்ளைகள் இப்படித்தான் இருக்கின்றன. பெரும்பாலானவை வலிக்கிடையே தாமாகவே சுழன்று சரியாகிவிடுகின்றன. பிறக்கும்போதும் அப்படியே இருப்பவை 5 அளவில்தான். எது சுழலும், எது சுழலாது என்று 35ஆவது வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

பிள்ளையின் எடையும் தாயின் இடுப்பும் சேர்ந்துதான் கணக்கு. ஸ்கேனில் சொல்லும் எடையில் 10 முதல் 15 சதவீதம் தவறு இருக்கலாம். 3 கிலோ என்று சொன்னால் 2.6-உம் இருக்கலாம், 3.4-உம் இருக்கலாம். தாயின் உயரம் 145 செ.மீ.க்குக் குறைவு என்றால் கிளினிக்கில் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். ஆனாலும் குள்ளமான பெண் என்றாலே ஆபரேஷன் என்பது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இடுப்பு அகலமாகத் தெரிவதும் கணக்கில் வராது. உள் எலும்பு வளையத்தின் வடிவம் பாவாடை நாடாவின் நீளத்தில் தெரியாது.

கர்ப்பப்பை எவ்வளவு ஒழுங்காகச் சுருங்குகிறது, வலி தானாக வந்ததா, மருந்து வைத்து வரவழைத்ததா என்பதும் முக்கியம். இந்த இடத்தில்தான் லேசாகச் சுமந்த பெண்கள் பலர் எதிர்பாராத திருப்பத்தைச் சந்திக்கிறார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, தேதி தாண்டிவிட்டது, வலி வரவில்லை. 41 வாரத்தைத் தாண்டினால் நச்சுக்கொடியின் திறன் குறையும் அபாயம் கூடுகிறது என்பதால் வலி வரவழைக்கச் சேர்த்துக்கொள்வார்கள். கர்ப்பப்பை வாய் இன்னும் கெட்டியாக, நீளமாக, மூடியே இருந்தால் முதலில் மாத்திரையோ ஜெல்லோ உள்ளே வைத்து, அல்லது சிறு பலூன் வைத்து, அதை மிருதுவாக்கவேண்டும். அதற்கே ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். பிறகு பனிக்குடத்தை உடைத்து, ஆக்சிடோசின் சொட்டு ஏற்றுவார்கள். அதில் வலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறாமல் சீக்கிரமே நெருக்கமாகவும் பலமாகவும் வருவதாகப் பல பெண்கள் உணர்கிறார்கள். ஒன்பது மாதம் பூப்போலப் போன கர்ப்பம் மூன்று நாள் வார்டில் முடியலாம். அதில் மகளின் குறை எதுவும் இல்லை என்பதை வீட்டில் எல்லோரும் இப்போதே புரிந்துகொள்வது நல்லது. "உனக்கு லேசாக ஆகும்" என்று கேட்டுக் கேட்டுப் போனவள், 20 மணி நேரம் கழித்து ஆபரேஷன் என்றதும் தான் ஏதோ தவறிவிட்டதாக உடைந்துபோகிறாள். அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்றவேண்டாம்.

தாய்க்குச் சுகப்பிரசவம் என்றால் மகளுக்கும் சுகப்பிரசவம் என்பார்கள். கொஞ்சம் தொடர்பு உண்டு, உடலமைப்பு வழிவழியாக வருவதால். ஆனால் அதை நம்பித் திட்டம் போடும் அளவுக்கு அது பெரிதல்ல. பிள்ளையின் அளவில் தகப்பன் குடும்பத்துக்கும் பங்கு இருக்கிறதே.

அந்தக் காலத்துப் பேச்சும் கட்டாயம் வரும்: "காலையில் பால் வெட்டப் போனாள், மதியம் பிள்ளை பெற்றாள்." நடந்ததுதான். ஆனால் அப்படிப் பெற்றவர்களில் பலருக்கு அது நாலாவது, ஐந்தாவது பிள்ளை. பேச உயிரோடு இருந்தவர்கள்தான் கதை சொன்னார்கள்; மற்றவர்கள் தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கிறார்கள். 1950-இல் மலாயாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1990களில் அது 50-க்கும் கீழே இறங்கியது. மருத்துவச்சிக்கும் தோட்டத்து டிரஸ்ஸருக்கும் (மருத்துவ உதவியாளர்) பதிலாகப் பயிற்சி பெற்ற மிஸ்ஸிகள், கிளினிக் டேசா என்ற கிராமத்து கிளினிக், ரத்த வங்கி, ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்ததால் இறங்கியது. 1991 முதல் பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாய் மரணத்தையும் சுகாதார அமைச்சு தனித்தனியாக விசாரித்துக் காரணம் தேடுகிறது. லேசான கர்ப்பம் உள்ளவளையும் ஆஸ்பத்திரியில் பெறச் சொல்வது இந்த அனுபவத்தின் அடிப்படையில்தான்.

இனி மகள் எப்போது கிளம்பவேண்டும் என்பதற்கு வருவோம். உங்கள் கேள்வியில் உயிரான பகுதி இதுதான்.

தலைப்பிரசவத்தில் வலி தொடங்கியதும் ஓடவேண்டியதில்லை என்பது உண்மை. வாய் மெல்லத் திறக்கும் முதல் கட்டம் மட்டுமே பல மணி நேரம், சிலருக்கு 20 மணி நேரம்வரைகூட நீளலாம். அந்த நேரத்தில் வீட்டில் நடப்பது, வெந்நீரில் குளிப்பது, கஞ்சியோ இட்லியோ சாப்பிடுவது, இடையிடையே தூங்குவது எல்லாம் நல்லது. இது சூட்டுவலியா, உண்மை வலியா என்ற குழப்பம் வரும். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். அதில் கெடுதல் இல்லை. படுத்தால், நடந்தால், குளித்தால் அடங்குவது சூட்டுவலி. என்ன செய்தாலும் அடங்காமல், இடைவெளி சுருங்கி, நேரம் நீண்டு, பலம் கூடிக்கொண்டே போவது உண்மை வலி. கைபேசியில் ஒவ்வொரு வலியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைச்சனுக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 40 முதல் 60 விநாடி, இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பவேண்டும். வாய் 5 செ.மீ. திறந்தபின் வேகம் கூடும். அங்கிருந்து முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது, அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம். முக்கும் கட்டம் தலைச்சனுக்கு 3 மணி நேரம்வரை ஆகலாம்.

இந்த 5 நிமிடக் கணக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்துவது. தோட்டத்து உள்ரோட்டிலிருந்து பட்டணத்துக்கு வந்து, அங்கிருந்து ஈப்போ பைனுன் ஆஸ்பத்திரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் போகவேண்டியவர்கள் 7, 8 நிமிட இடைவெளியிலேயே புறப்படுவது நல்லது. மழை நாளில் செம்மண் ரோடு, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, இரவில் பூட்டியிருக்கும் தோட்டத்து கேட் இவையெல்லாம் நேரத்தைத் தின்னும். 36 வாரத்துக்குள் சில ஏற்பாடுகளைச் செய்துவையுங்கள். கேட் காவல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கார் உள்ள இரண்டு வீட்டாரிடம் பேசிவையுங்கள். ஒருவர் ஷிஃப்டில் இருந்தால் இன்னொருவர். இரவு 2 மணிக்கு உங்கள் லயத்துக்கு கிராப் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். 999-க்கு அழைத்தால் சொல்லவேண்டிய விவரத்தை (தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த கேட், பக்கத்தில் கோயிலோ தமிழ்ப்பள்ளியோ இருக்கிறதா) ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பையில் பிங்க் புத்தகமும் அடையாள அட்டையும் முதலில் போகவேண்டும், துணிமணி அப்புறம். மகள் பெயர் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பதிந்திருக்கிறது, அது நிபுணர் உள்ள ஆஸ்பத்திரியா, ரத்தமும் ஆபரேஷன் வசதியும் இருக்கிறதா என்பதை அடுத்த செக்கப்பில் மிஸ்ஸியிடம் நேராகக் கேளுங்கள். பிள்ளையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் கேளுங்கள். புத்தகத்தில் 4/5, 3/5 என்று எழுதுவார்கள், எண் குறையக் குறையத் தலை இறங்குகிறது என்று பொருள்.

வலியே இல்லாவிட்டாலும் உடனே கிளம்பவேண்டிய நேரங்கள் உண்டு. பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், தாமதிக்கக் கூடாது. தலை இன்னும் இறங்காத நிலையில் தண்ணீர் உடைந்து கீழே கொடி போல ஏதாவது தட்டுப்பட்டால் 999-க்கு அழைத்துவிட்டு, மகளை முழங்காலிட்டு மார்பைத் தரையில் தாழ்த்தி இடுப்பைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கொடியைத் தொட்டு உள்ளே தள்ளாதீர்கள். சளியோடு கலந்த லேசான ரத்தக் கசிவு வலி தொடங்கப்போவதன் அடையாளம்; தீட்டுபோல ரத்தம் போனால் அது வேறு, உடனே போகவேண்டும். விடாத தலைவலி, கண் மங்குதல், கண் முன்னே பூச்சி பறப்பது, நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் வலி இவை ரத்த அழுத்தத்தின் எச்சரிக்கை. பிள்ளையின் அசைவு: காலை 9 மணியிலிருந்து எண்ணத் தொடங்கி, இரவு 9 மணிக்குள் 10 அசைவு வராவிட்டால் அன்றிரவே போகவேண்டும். நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்தது இன்று அடங்கிவிட்டது என்று மகளுக்குத் தோன்றினால் 9 மணிவரைகூடக் காத்திருக்கவேண்டாம். "கடைசி மாதத்தில் இடம் இல்லாமல் அசைவு குறையும்" என்று சொல்வது தவறு. அசைவின் தன்மை மாறும், எண்ணிக்கை குறையக் கூடாது.

"வலி முற்றிய பிறகு போகலாம்" என்பதில் இன்னொரு ஆபத்து, வேகமான பிரசவம். தலைச்சனில் அரிது, ஆனால் நடக்கும்; இரண்டாவது, மூன்றாவதில் அடிக்கடி நடக்கும். வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டால் அதை எல்லோரும் அதிர்ஷ்டம் என்பார்கள். உண்மையில் அதில் கிழிசலும் அதிக ரத்தப்போக்கும் வர வாய்ப்பு கூடுதல். வழியிலேயே முக்கும் உந்துதல் வந்துவிட்டால் காரை ஓரமாக நிறுத்தி 999-க்கு அழையுங்கள். ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். தலையைப் பிடித்து இழுக்கவேண்டாம். கையில் துணி விரித்து ஏந்திக்கொண்டால் போதும். பிறந்ததும் துடைத்து, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தலையையும் மூடுங்கள், காரில் ஏர்கானை அணைத்துவிடுங்கள். தொப்புள்கொடியை வெட்டாதீர்கள், நச்சுக்கொடியை இழுக்காதீர்கள். அது தானாக வந்துவிட்டால் ஒரு பையில் போட்டுப் பிள்ளையோடு கூடவே கொண்டுபோங்கள்.

மீதமுள்ள ஐந்து வாரத்தில் செய்யக்கூடியதில் எதற்குப் பலன் உண்டு? தினமும் அரை மணி நேர நடை நல்லது. மகள் ஃபேக்டரியில் மணிக்கணக்காக நின்றே வேலை செய்கிறாள் என்றால் அது நடைக்கு ஈடாகாது; இடையிடையே உட்காரக் கேட்டுக்கொள்ளட்டும். யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள பகுதியை 35 வாரத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு முறை, 5 நிமிடம், சுத்தமான கையால் எண்ணெய் தொட்டு மெல்ல நீவி விரித்துப் பழகுவது தலைப்பிரசவத்தில் தையல் போடும் தேவையைக் குறைக்கிறது. இதற்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. கூச்சத்தால் யாரும் சொல்லித் தருவதில்லை, மிஸ்ஸியிடம் கேட்கலாம். கடைசி நான்கு வாரம் தினமும் 6 பேரீச்சம்பழம் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சீக்கிரம் பழுத்ததாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை இல்லாதவர்கள் சாப்பிடலாம். நீரிழிவு உள்ளவர்கள் கேட்காமல் தொடவேண்டாம்.

பிரசவ அறையில் பலன் தருவதாக உறுதியாகத் தெரிந்த ஒன்று, நம்பிக்கையான ஆள் ஒருவர் கூடவே இருப்பது. தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது. கணவனோ நீங்களோ உள்ளே இருக்க அனுமதி உண்டா என்பதை முன்பே விசாரியுங்கள். வலி தணிக்க என்னென்ன கிடைக்கும் என்றும் கேளுங்கள். மூச்சில் இழுக்கும் கேஸ், பெத்திடின் ஊசி பரவலாக உண்டு. முதுகில் போடும் எபிடூரல் மயக்க மருந்து நிபுணர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில்தான். மல்லாந்து படுத்தே இருக்காமல் நடப்பது, உட்காருவது, இடப்பக்கம் ஒருக்களிப்பது எல்லாம் தலை சுழன்று இறங்க உதவும்.

செய்யக்கூடாததை அழுத்திச் சொல்லவேண்டும். வலி வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். பேதி பிடுங்கி, நீர் வற்றி, களைத்துப்போனவளால் பிறகு முக்க முடியாது. கம்பத்திலும் தோட்டத்திலும் பழக்கமான ரும்புட் பாத்திமா என்ற மூலிகையை ஊறவைத்த தண்ணீர் இன்னும் மோசம். கர்ப்பப்பையைத் தாறுமாறாகச் சுருங்கவைக்கும். எவ்வளவு குடித்தால் எவ்வளவு வேலை செய்யும் என்று அளவே கிடையாது. பிள்ளைக்கு மூச்சு முட்டலாம், கர்ப்பப்பையே கிழியலாம். முன்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது உயிரோடு விளையாடுவது. ஏற்கெனவே யாராவது கொடுத்துவிட்டிருந்தால் திட்டுவார்கள் என்று மறைக்காமல் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்தை அதற்கேற்பக் கவனித்துத்தான் ஏற்றவேண்டியிருக்கும்.

மசக்கையிலும் இடுப்புவலியிலும் நொந்துபோன பெண் யாராவது இதைப் படித்தால்: உங்கள் பிரசவமும் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாந்தியால் எடை குறைந்ததா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயம் மிகுந்தவர்களுக்கு வலி நேரம் சற்று நீளுவதாகத் தெரிகிறது. ஆகவே வீண் பயமுறுத்தலும் ஒரு கெடுதல்தான்.

பிள்ளை பிறந்தபின்னும் "லேசு" என்ற கணக்கு செல்லாது. 500 மி.லி.க்கு மேல் ரத்தம் போகும் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டியே எந்த ஆபத்து அறிகுறியும் இருந்திருக்காது. காரணம் பெரும்பாலும் கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்துகிடப்பது. அதனால்தான் பிள்ளை வெளியே வந்ததும் எல்லோருக்கும் கர்ப்பப்பையை இறுக்கும் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள்; நல்ல உடம்புக்கு எதற்கு ஊசி என்று மறுக்கவேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், கோழிமுட்டை அளவு கட்டிகள் விழுந்தால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு. கர்ப்பத்தில் ரத்த அழுத்தமே இல்லாதவளுக்கும் பெற்றபின் முதல் வாரத்தில் ஏறலாம், வலிப்பும் வரலாம். ஆறு வாரம்வரை தலைவலியையும் கண் மங்கலையும் களைப்பு என்று தள்ளாதீர்கள். மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்க்கும் நாட்களில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்தியம் வைப்பது உங்கள் விருப்பம். பூண்டு, கருவாடு, மிளகு ரசம் எதற்கும் தடையில்லை. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். "தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்" என்று தம்ளர் எண்ணிக் கொடுத்தால் மலச்சிக்கல் வந்து தையல் பிரியும் வலியில் துடிப்பாள், சிறுநீரும் எரியும். தாகம் எடுக்கும் போதெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அவர்கள் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவேண்டாம்.